கோவில் நிலவறையில் பிழிந்த திராட்சை



மத்தேயு நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டிலே, புரட்டாசி பிறந்த பின் வரும் மூன்று ஞாயிறுகளிலும் தாய்த் திருச்சபை எங்களைத் தொடர்ந்து திராட்சைத் தோட்டத்துக்கே அழைத்துச் செல்கிறாள். முதல் ஞாயிறு, சந்தைவெளியில் நின்ற வேலையாட்களைக் கூலிக்கு அமர்த்திய வீட்டுத் தலைவனின் உவமை. அடுத்த ஞாயிறு, தோட்டத்துக்குப் போய் வேலை செய்யும்படி தகப்பன் அனுப்பிய இரு புதல்வர். அதற்கடுத்த ஞாயிறு, குத்தகையைக் கொடாது உரிமைக்காரனின் மகனையே கொன்றுபோட்ட கொடியவர். ஐரோப்பாவிலே அந்த வாரங்கள்தான் திராட்சை அறுவடைக் காலம். அங்குள்ள விசுவாசி ஞாயிற்றுக்கிழமை உவமையைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை கூடையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறான். எங்கள் யாழ்ப்பாணத்துச் செம்மண் பூமியிலும் திராட்சைப் பந்தல்கள் உண்டு. ஆனால் நாங்கள் கொடியை வெட்டிவிட்டு ஆண்டில் இரு தடவை காய்க்க வைப்பவர்கள். ஆண்டு முழுவதும் ஒரே ஒரு அறுவடையை நம்பியிருக்கும் ஏழைக் கமக்காரனின் நெஞ்சிடிப்பு எங்களுக்குத் தெரியாது. ஆண்டவருடைய உவமைகளை முதலில் கேட்ட மக்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே அந்த நெஞ்சிடிப்பு நன்கு தெரிந்த ஓர் ஊரின் வரலாற்றைச் சொல்லி, முதல் ஞாயிற்றின் உவமையை இன்று சிந்திக்கலாம் என்று எண்ணுகிறேன். ஊர் இத்தாலியின் வடமேற்கில், பியெமொந்தே மாநிலத்தில் இருக்கிறது. பெயர் பார்பரெஸ்கோ. அவ்வூரில் செய்யப்படும் சிவந்த திராட்சை இரசத்துக்கும் அதே பெயர்தான்.

இவ்விடத்தில் சில தாய்மார் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. குடியினால் தாலிக்கொடியும் தோடும் அடகுக்கடைக்குப் போன வீடுகள் எங்கள் பங்குகளிலே குறைவல்ல. கசிப்புக்கும் சாராயத்துக்கும் கொடுத்த கூலியில் பாதியாவது பிள்ளைகளின் வயிற்றுக்குப் போயிருந்தால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும்! சீராக் ஆகமத்தின் 31ஆம் அதிகாரம் அளவோடு அருந்தும் இரசத்தை மனிதனுக்கு மகிழ்ச்சியென்றும், அளவு மீறினால் கசப்பென்றும் சண்டையென்றும் இரண்டையும் ஒரே மூச்சிலே சொல்லுகிறது. கானாவூரில் ஆண்டவர் செய்த முதற் புதுமையும் இந்த இரசத்தில்தான் நடந்தது. ஆனாலும் இந்தப் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுவாமியாரே எழுதியிருக்கிறார் என்று தவறணைக்குப் போக எண்ணுகிறவர் யாரும் இருந்தால், தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும். நான் பேசப்போவது குடிப்பவர்களைப் பற்றி அல்ல, பழத்தை விளைவித்தவர்களைப் பற்றி.

தானரோ என்னும் ஆற்றின் மேலே எழும் ஒரு குன்றின் முகட்டில் இருக்கிறது பார்பரெஸ்கோ. ஒரு பழைய கோபுரம், ஒரு கோவில், சில தெருக்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். சில மைல் தள்ளி அல்பா என்னும் மேற்றிராசன நகரம். குன்றின் சரிவுகளெங்கும் நெபியோலோ என்ற திராட்சை. இந்த நெபியோலோ கொடியைப் போலப் பொறுமையைச் சோதிக்கும் பயிர் வேறொன்று இருக்குமோ தெரியாது. மற்றக் கொடிகளுக்கு முன்னே தளிர்விடும். எல்லாவற்றுக்கும் பின்னே பழுக்கும். தளிர்விடும்போது பின்பனி கருக்கிவிடலாம். பழுக்கும் ஐப்பசியில் மழை வந்து அழுகப்பண்ணலாம். நடுவிலே ஆலங்கட்டி மழை. அறுவடைக் காலத்தில் அக்குன்றுகளை மூடும் மூடுபனிக்கு அவர்கள் பாஷையில் நெபியா என்று பெயர். அதனால்தான் பழத்துக்கும் அந்தப் பெயர் வந்ததென்று பலர் சொல்லுகிறார்கள். இரசமும் இலேசில் வசப்படாது. நிறம் மெல்லிய சிவப்பு, நாவிலே கடுந்துவர்ப்பு. பீப்பாவிலும் போத்தலிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால்தான் அந்தத் துவர்ப்பு அடங்கி மணம் எழும்பும்.

அந்தச் சரிவுகளில் பெரிய நிலக்காரர் அதிகம் இல்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று சிறு துண்டுகள். பாட்டன் விட்டுச்சென்ற துண்டைத் தகப்பனும் மக்களும் கொத்தினார்கள். நிலம் அவர்களுடையது, வியர்வையும் அவர்களுடையது. விலை மாத்திரம் அவர்களுடையதாக இருக்கவில்லை. பழத்தைப் பிழிந்து நொதிக்க வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க ஏழையிடம் ஏது நிலவறை, ஏது பீப்பா, ஏது முதல்? அறுத்த பழத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு அல்பா நகரத்துச் சந்தைவெளிக்குப் போவான். தரகர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. அவனுக்கோ வெயில் ஏற ஏற நெஞ்சு பதறும். அறுத்த திராட்சை நாளைவரைக்கும் பொறுக்காது. பொழுது சாயும்போது கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வெறும் வண்டியோடு குன்று ஏறுவான்.

உவமையில் சந்தைவெளியில் நின்றவர்களை இப்போது நினைத்துப் பாருங்கள். பதினோராம் மணி நேரத்தில் அங்கு நின்றவர்களிடம் வீட்டுத் தலைவன், ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். அவர்கள் சொன்ன பதில், எங்களை ஒருவரும் அழைக்கவில்லை என்பதுதான். எத்தனை பிரசங்கங்களில் அவர்களைச் சோம்பேறிகளாக்கியிருக்கிறோம்! அவர்கள் சோம்பேறிகள் என்று ஆண்டவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விடிந்தது முதல் நின்றும் விலைப்படாத மனிதர்கள் அவர்கள்.

நெபியோலோவைப் பயிரிட்டவர்களுக்காக முதலில் எழுந்தவர் தொமீற்சியோ கவாற்சா என்னும் கல்விமான். அல்பா நகரில் திராட்சைப் பயிருக்கும் இரசத்துக்குமென்று இருந்த அரச கல்லூரியின் தலைவர். அக்காலத்தில் பார்பரெஸ்கோவின் பழம் பக்கத்திலுள்ள பறோலோ என்னும் புகழ்பெற்ற இரசத்துக்குள் கலந்து மறைந்துபோகும். அல்லது வெறும் நெபியோலோ என்று விற்கப்படும். ஊருக்குப் பெயர் இல்லை. கவாற்சா 1894ஆம் ஆண்டில் ஒன்பது தோட்டக்காரரைச் சேர்த்து, அவ்வூரில் தமக்குச் சொந்தமான பழைய கோட்டையிலே ஒரு பொது இரசச்சாலையைத் தொடக்கினார். பார்பரெஸ்கோ என்னும் பெயரோடு இரசம் உலகத்துக்குத் தெரிய வந்தது அதன் பின்னர்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1891ஆம் ஆண்டு வைகாசி 15ஆம் திகதி, பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். உழைப்பாளிக்குச் சொந்த நிலம் இருக்கவேண்டும் என்பதையும், உழைப்பாளிகள் சங்கமாய்ச் சேர்வது அவர்களுடைய இயற்கை உரிமை என்பதையும் அவர் அதிலே ஒருங்கே வலியுறுத்தினார். கவாற்சா அந்த மடலைப் படித்துவிட்டுத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தின் காற்றிலே அந்தக் கேள்வி இருந்தது.

கவாற்சா 1913இல் காலமானார். பின்னர் இத்தாலியில் பாசிச ஆட்சி வந்தது. அதன் பொருளாதார விதிகளின் கீழ் 1920களில் அந்தப் பொதுச்சாலை மூடப்பட்டது. கமக்காரர் மறுபடியும் வண்டியோடு சந்தைவெளிக்குத் திரும்பினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போர், பஞ்சம், பிரிவு.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் அக்குன்றுகளிலே வேறொரு வெறுமை தொடங்கியது. தூரின் நகரத்தில் பியற் மோட்டார்த் தொழிற்சாலை. அல்பா நகரத்திலேயே 1946இல் தொடங்கிய பெரெரோ சொக்கிலேற் தொழிற்சாலை. மாதம் முடிய நிச்சயமான சம்பளம். ஆலங்கட்டி மழைக்குப் பயப்படத் தேவையில்லாத வாழ்வு. இளைஞர் ஒவ்வொருவராகக் குன்றிறங்கிப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எவருக்கு மனம் வரும்? உழைத்தும் பிழைக்க முடியாத இடத்தில், நிலத்தை நேசிக்கவில்லை என்று பிள்ளையை ஏசுவது நியாயமல்ல. ஊரில் எஞ்சியவர்கள் முதியோரும், சந்தைவெளியும், தரகரும்.

அப்போது பார்பரெஸ்கோவின் பங்குக் குரவராயிருந்தவர் பியோரீனோ மரேங்கோ சுவாமியார். சிறு நிலக்காரர் பிழைக்க ஒரே வழி முயற்சிகளை ஒன்றாய்ச் சேர்ப்பதுதான் என்று கண்டு, 1958ஆம் ஆண்டில் பத்தொன்பது சிறு விவசாயிகளை ஒன்றுகூட்டினார். பார்பரெஸ்கோ உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சங்கம் இருந்தது, பழம் இருந்தது. பிழிய இடம் இல்லை. முதல் மூன்று ஆண்டுகளின் இரசமும் கோவிலின் நிலவறையிலேதான் செய்யப்பட்டது.

இந்த ஒரு செய்தியிலே நான் சற்று நிற்க விரும்புகிறேன். மேலே பலிப்பீடம். கீழே கமக்காரரின் பழம் நொதித்துக்கொண்டிருக்கிறது. புளித்த மணம் படியேறிக் கோவிலுக்குள் வந்திராமல் இருக்காது. தூபத்தின் மணத்தோடு அதுவும் கலந்திருக்கும். எங்கள் பங்கொன்றில் ஒரு சுவாமியார் கோவிலின் கீழே வெங்காயம் களஞ்சியப்படுத்தினால், அல்லது கருவாடு காயப்போட இடம் கொடுத்தால், ஆயரில்லத்துக்கு எத்தனை மொட்டைக் கடிதங்கள் போகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சாமியாருக்கு ஏன் வியாபாரம், பூசை வைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டால் போதாதா என்பார்கள். அப்படிக் கேட்பதிலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. குருவானவர் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநாள் இருந்தால் அது அவருக்கும் நல்லதல்ல, காசுக்கும் நல்லதல்ல. ஆனால் சங்கம் சுவாமியாருடையதாகிவிடவில்லை. மூன்று ஆண்டுகளின் பின் முற்றத்துக்கு எதிர்ப்புறத்தில் தனக்கென்று ஓர் இரசச்சாலை அமைத்துக்கொண்டு நிலவறையை விட்டு எழுந்து போனது. தொட்டில் கோவிலுடையது, பிள்ளை ஊருடையது. அப்படித்தான் இருக்கவேண்டும்.

உவமையின் வீட்டுத் தலைவனிடத்திலும் என்னை எப்போதும் தொடுவது கூலியைவிட அவனுடைய நடைதான். விடியற்காலையில் போகிறான். மூன்றாம் மணிக்கு, ஆறாம் மணிக்கு, ஒன்பதாம் மணிக்குப் போகிறான். பொழுது சாயப் பதினோராம் மணிக்கும் போகிறான். கணக்குப்பிள்ளை ஒருவன் அவனிடம் இருந்தான்; மாலையில் கூலி கொடுக்க அவனைத்தான் அழைக்கிறான். ஆனால் ஆள் தேடிச் சந்தைவெளிக்குப் போகும் வேலையை மட்டும் ஐந்து தடவையும் அவனிடம் ஒப்படைக்கவில்லை.

இனிச் சங்கத்தின் ஒழுங்குக்கு வருவோம். இங்கேதான் எங்கள் குடும்பங்களுக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. அங்கத்தவர் எவரும் தம் நிலத்தைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவரவர் தோட்டம் அவரவருடையது. கொடியை எப்போது கவ்வாத்துச் செய்வது, எத்தனை குலையை விடுவது, எத்தனையைக் கிள்ளி எறிவது என்பதெல்லாம் அவரவர் கை. ஆனால் நெபியோலோ பழம் முழுவதும் சங்கத்துக்கே வரவேண்டும். நல்ல பாதியை வெளியே கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டு மீதிப் பாதியைச் சங்கத்தின் தலையில் கட்ட இடமில்லை. சங்கமும் பழத்தின் இனிப்பையும் தரத்தையும் அளந்து பார்த்துத்தான் பணம் கொடுக்கிறது. கவலையீனமாய் விளைவித்தவனும் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவனும் ஒரே விலை பெறுவதில்லை.

அந்தக் குன்றுகளில் எல்லாச் சரிவும் ஒன்றல்ல. அசீலி, ரபயா, ஒவெல்லோ, மொந்தெஸ்தேபனோ என்று பெயர்பெற்ற சரிவுகள் உண்டு. சங்கத்தின் அங்கத்தவரிடம் அப்படியான ஒன்பது சரிவுகள் இருக்கின்றன. நல்ல ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றின் இரசமும் தனித்தனியே போத்தலில் அடைக்கப்பட்டு, சரிவின் பெயரோடும், அதைப் பயிரிட்ட குடும்பங்களின் பெயர்களோடும் வெளிவரும். போதிய சிறப்பில்லாத ஆண்டுகளிலோ தனிப் போத்தல் கிடையாது. புகழ்பெற்ற சரிவின் பழமும் பெயரில்லாத மூலையின் பழமும் ஒரே பொது இரசத்துக்குள் போகும். அதனால் கடினமான ஆண்டிலே சாதாரணப் போத்தல் எதிர்பாராத அளவு நன்றாயிருக்கும். எளியவனின் இரசத்துக்குள் பெரியவனின் பழமும் இருக்கிறதல்லவா!

அசீலிச் சரிவில் நிலமுள்ள ஒருவன் அந்த ஆண்டிலே என்ன நினைப்பான்? தனியே செய்தால் நானே நல்ல பெயர் எடுப்பேன், இந்தக் கூட்டத்தோடு ஏன் கலக்கவேண்டும் என்ற எண்ணம் மனிதனாய்ப் பிறந்த எவனுக்கும் வரும். கூட்டுறவு என்பது அந்த எண்ணம் வரும் நாளில்தான் சோதிக்கப்படுகிறது.

அப்போஸ்தலர் பணி ஐந்தாம் அதிகாரத்தில் அனனியா, சப்பீராள் என்னும் தம்பதியின் வரலாறு உண்டு. நிலத்தை விற்றார்கள், விலையில் ஒரு பகுதியை ஒளித்து வைத்துவிட்டு முழுவதும் இதுவே என்று அப்போஸ்தலர் முன்னே வைத்தார்கள். இராயப்பர் அவர்களைக் கண்டித்த விதத்தைக் கவனமாய் வாசியுங்கள். விற்குமுன் நிலம் உன்னுடையதுதானே, விற்றபின் பணமும் உன் அதிகாரத்தில்தானே இருந்தது என்ற கருத்திலேதான் பேசுகிறார். கொடாதது குற்றமல்ல, எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு பின்னால் வைத்துக்கொண்டதுதான் குற்றம். பார்பரெஸ்கோவில் சேராமல் தனியே இரசம் செய்யும் நல்ல குடும்பங்களும் உண்டு. அவர்களை ஒருவரும் பழிப்பதில்லை. சேர்ந்துவிட்டுப் பின்கதவால் பழம் விற்பவன்தான் அயலவனின் உழைப்பைத் திருடுகிறான்.

எங்கள் கரையோரப் பங்குகளில் இருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. திராட்சையைப் போல மீனும் நாளைக்குப் பொறுக்காது. சம்மாட்டியாரிடம் வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன்பட்டவன் அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கவேண்டும் என்ற நிலையை மாற்றத்தான் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. பல இடங்களில் அவை குடும்பங்களைக் கரையேற்றின. சில இடங்களில் கட்டடமும் பெயர்ப்பலகையும் மட்டும் மிஞ்சின. அப்படி மிஞ்சிய இடங்களில் காரணம் கேட்டால் அரசாங்கம், யுத்தம், இடப்பெயர்வு, வங்கி என்று சொல்லுவார்கள். உண்மைதான்; அவையெல்லாம் அடித்த அடி சிறிதல்ல. ஆனால் விளைமீனும் பாரையும் இரவோடிரவாக வெளி வியாபாரியின் ஐஸ் பெட்டிக்குப் போக, சூடையும் கழிவும் சங்கத்துத் தராசுக்கு வந்த கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசு எல்லாருக்கும் தெரிந்த காசு. தம்பி இங்கே தகப்பனின் நோய்க்குச் செலவழிக்கும் இரவுகள் ஒருவரும் எழுதாத கணக்கு. ஒவ்வொருவரும் தாம் போட்டதைப் பெரிதாயும் மற்றவர் போட்டதைச் சிறிதாயும் காண்கிறோம். போட்டது எவ்வளவு என்று சண்டைபிடிக்கும் வீடுகளில், பின்னால் வைத்துக்கொண்டது எவ்வளவு என்ற கேள்வியை ஒருவரும் தம்மைப் பார்த்துக் கேட்பதில்லை.

இப்போது உங்களில் கூர்மையானவர் ஒருவர் என்னை மடக்கலாம். சுவாமி, உவமையில் கடைசியில் வந்தவனுக்கும் ஒரு வெள்ளிக்காசு, முதலில் வந்தவனுக்கும் ஒரு வெள்ளிக்காசு. நீங்கள் சொல்லும் சங்கமோ தரத்தை அளந்தல்லவா கொடுக்கிறது? இது நற்செய்திக்கு மாறல்லவா?

கேள்வி நல்லது. அதை மழுப்பக்கூடாது. ஆண்டவர் அந்த உவமையிலே கூலிச் சட்டம் எழுதவில்லை; விண்ணரசைப் பற்றிப் பேசினார் என்பது முதற் பதில். அது சரியான பதில், ஆனால் சற்று வசதியான பதிலுங்கூட. விண்ணரசு பூமியில் நடக்கும் எதையும் தொடாது என்றால், ஆண்டவர் வேலையாட்களையும் கூலியையும் உவமையாய் எடுத்திருக்கவே மாட்டார். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிக்காசு என்பது ஒரு நாட்கூலி. ஒரு குடும்பத்தின் ஒருநாள் சீவனம். பதினோராம் மணிக்கு வந்தவனின் பிள்ளைகளும் இரவில் சாப்பிடவேண்டும் என்பதை வீட்டுத் தலைவன் மறக்கவில்லை. முதலில் வந்தவர்களுக்கும் அவன் பேசிய கூலியில் ஒரு சல்லியும் குறைக்கவில்லை. சங்கம் நீதியின்படி அளந்து கொடுக்கிறது. அளக்காவிட்டால் நல்ல உழைப்பாளி மனமுடைந்து போவான், சங்கமும் ஓராண்டில் விழுந்துவிடும். ஆனால் அந்தத் தராசு வைக்கப்பட்டிருக்கும் மேடை நீதி மட்டுமல்ல. மோசமான ஆண்டிலும் எளியவனுக்கு ஓரிடம் உண்டு, பொழுது சாயும்வரை சந்தைவெளியில் நிற்கத் தேவையில்லை என்ற உறுதியும் அங்கே இருக்கிறது. உவமையின் வீட்டுத் தலைவன் அவ்வளவோடு நின்றுவிடவில்லை, அதற்கும் அப்பால் போகிறான் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். எந்தச் சங்கமும் அவனை எட்டிப் பிடிக்காது. எட்டிப் பிடிக்காதது சங்கத்தின் குறையல்ல, இறைவனுடைய தாராளம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி பார்பரெஸ்கோ இரசம் அறுவடை முடிந்த கார்த்திகை முதலாய்க் கணக்கிட்டு 26 மாதங்கள் கிடக்கவேண்டும். அதில் 9 மாதங்களாவது மரப் பீப்பாவில். தனிச் சரிவுகளின் இரசம் போன்ற உயர்ந்த வகைக்கு 50 மாதங்கள். இன்றைக்குக் கொட்டிய பழம் நாலு ஆண்டின் பின்னர்தான் விற்பனைக்கு வரும் என்றால், அதுவரை காத்திருக்கத் தனி ஏழையால் முடியுமா? நூறு பேர் சேர்ந்தால் அந்தக் காலத்தைத் தாங்கலாம். பொறுமை ஒரு புண்ணியம் என்று ஏழைக்குப் போதிப்பது எளிது. அவன் பொறுத்திருக்கக்கூடிய நிலையை உண்டாக்கிக் கொடுப்பது மரேங்கோ சுவாமியார் செய்த பிரசங்கம்.

சங்கம் பிறந்த மூன்றாம் ஆண்டிலே, 1961இல், பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 'மாத்தெர் எத் மாஜிஸ்திரா' என்னும் சுற்றுமடலை எழுதினார். வடஇத்தாலியில் பேர்காமோ அருகே சொத்தோ இல் மோந்தே என்னும் ஊரில், பிறர் நிலத்தை வாரத்துக்குச் செய்த ஏழைக் கமக்காரரின் மகன் அவர். அந்த மடலிலே கமக்காரக் குடும்பங்களைப் பற்றி அவர் விரிவாய்ப் பேசுகிறார். சிறு நிலக்காரர் தனித்து நின்றால் அவர்களுடைய குரல் எடுபடாது, கூட்டுறவாகவும் சங்கங்களாகவும் சேரவேண்டும் என்கிறார். சேற்றிலே கால் வைத்தறிந்த ஒருவரின் எழுத்து அது.

1958இல் பத்தொன்பது பேரோடு தொடங்கிய சங்கத்திலே இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள். அவர்களுடைய நெபியோலோத் தோட்டம் 250 ஏக்கருக்கும் கூடுதல். திராட்சை இரசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கூட்டுறவுச் சாலை என்றால் மட்டமான சரக்கு என்று எண்ணுவது வழக்கம். பார்பரெஸ்கோவைக் கண்டபின் அந்தப் பேச்சை மாற்றிக்கொண்டவர் பலர். குன்றிறங்கிப் போன பிள்ளைகளின் பிள்ளைகளில் சிலராவது இப்போது மேலே தங்கிக் கொடி வளர்க்கிறார்கள்.

இனிப் பலிப்பீடத்துக்கு வருவோம். காணிக்கை நேரத்தில் குருவானவர் கிண்ணத்தை ஏந்தி, இந்த இரசம் திராட்சைக் கொடியின் பலன், அத்தோடு மனித உழைப்பின் பலன் என்று இறைவனுக்கு நன்றி சொல்லுகிறார். பூசைக்குரிய இரசம் கலப்படமில்லாத, கெட்டுப்போகாத, திராட்சைப் பழத்திலிருந்தே வந்த இரசமாய் இருக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் சொல்லுகிறது. சிவப்பாய்த்தான் இருக்கவேண்டும் என்றில்லை. வெள்ளை இரசமும் ஆகும். கிண்ணத்திலே விழும் அந்தச் சிறிதளவு எந்த நாட்டில், எந்தச் சரிவில், எவர் கை கிள்ளிய குலை என்பது எங்களுக்குத் தெரியாது. கர்த்தாகோ நகரத்து ஆயராயிருந்து 258ஆம் ஆண்டில் வேதசாட்சியாய் மரித்த அர்ச். சிப்பிரியான், பல பழங்கள் நசுக்கப்பட்டு ஒரே இரசமாவதிலே திருச்சபையின் ஒற்றுமையைக் கண்டார். கிண்ணத்தில் சேர்க்கும் நீர்த்துளியை மக்களுக்கு ஒப்பிட்டார். கலந்த பின் அந்த நீரைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது என்பதும் அவருடைய எண்ணந்தான். அனனியா பிரித்தெடுக்கப் பார்த்தது அதைத்தான்.

நசுக்கப்படாமல் எந்தப் பழமும் கிண்ணத்துக்கு வருவதில்லை. ஆனால் பார்பரெஸ்கோவின் போத்தலிலே குடும்பங்களின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதே, அதையும் மறந்துவிடாதீர்கள். பொதுவில் கலந்தவனின் பெயர் தொலைந்துபோவதில்லை. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று அருளப்பர் நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் சொல்லுகிறதல்லவா?

அடுத்த ஞாயிறு இரு புதல்வரின் உவமை வருகிறது. சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்தபின் மத்தேயு 21ஆம் அதிகாரத்தை எடுத்து, 28ஆம் வசனம் முதலாய்ப் பிள்ளைகளில் ஒருவரைக்கொண்டு உரத்து வாசிப்பியுங்கள். போகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டுப் போகாத மகனைப் பற்றி வீட்டிலே கொஞ்ச நேரம் கதையுங்கள். கூட்டத்தில் கையுயர்த்திவிட்டுத் தராசுக்கு வராதவனுக்கும் அவனுக்கும் எவ்வளவு உறவு என்பதை அடுத்த கிழமை பார்ப்போம்.